இணையவழி ஆட்டமும் நடுவுநிலைமையும்

(நம் சங்கத்து ஆண்டுவிழாவில், இளைஞர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இவ்வாண்டு விழாவிற் சொற்பொழிவாற்ற வேண்டுமென்று செயலாளர் எமக்கு எழுதியபொழுது, பழைய இலக்கியத்திலேனும் சமயத்திலேனும் ஒரு பொருளை யாம் எடுத்துக்கொள்வோமென்று அவர் கருதியிருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ விளையாட்டு. அதிலும் கைப்பேசியில் ஆடும் விளையாட்டு. தமிழ்ப் பண்டிதர்க்கும் கைப்பேசி ஆட்டத்திற்கும் என்ன இயைபு என்று முன்வரிசைப் பெரியோர் சிலர் புன்முறுவல் பூப்பதனை யாம் காண்கின்றோம். இயைபு உண்டு. சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில் நம் இளைஞர் பகுதியார் நடத்திய இணையவழிச் சதுரங்கப் போட்டிக்கு நடுவராய் அமர்ந்தவர் யாமே. அந்நடுவர் இழைத்த பிழை ஒன்று உண்டு. அதனை இவ்வவையில் மறையாது உரைத்து, அதனினின்றும் யாம் கற்றுக்கொண்டவற்றையும் உரைத்து, இவ்வாண்டுப் போட்டி தொடங்குமுன் சங்கத்தார் செய்யவேண்டுவன சிலவற்றை விண்ணப்பித்தலே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

முதற்கண், இணையவழி ஆட்டம் இன்னதென்று அறியாத பெரியோர் பொருட்டுச் சில சொற்கள். பலர் ஓரிடத்திற் கூடாமலே, தத்தம் இல்லத்தில் இருந்தவாறு, கணினி வாயிலாகவோ கைப்பேசி வாயிலாகவோ ஒருவரோடொருவர் ஆடும் ஆட்டங்கள் இன்று எண்ணிறந்தன. போர் ஆட்டம் உண்டு, பந்தாட்டம் உண்டு, குழுவாய்ச் சென்று அரக்கரை வெல்லும் கதை ஆட்டமும் உண்டு. இவற்றுள் நம் நாட்டிற்கு நெருங்கிய உறவுடையது சதுரங்கம். திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூரில் எழுந்தருளியுள்ள இறைவர்க்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே திருநாமம். அரசன் மகளாய் வளர்ந்த அம்பிகையை இறைவன் சதுரங்கம் ஆடி வென்று மணந்தான் என்பது அத்தல வரலாறு. அவ்வாட்டத்தையே இன்று நம் பிள்ளைகள் கையகலக் கண்ணாடித் தகட்டில் ஆடுகின்றனர். வேறுபாடு யாதெனில், எதிரில் இருப்போர் முகம் தெரியாது. அவர் காயை நகர்த்துவது மட்டுமே தெரியும்.

முகம் தெரியாமையே இவ்வாட்டத்தின் சிறப்பும் ஆகும், இடரும் ஆகும். சிறப்பாவது, எதிரி செல்வரோ வறியரோ, முதியரோ சிறுவரோ, எந்நாட்டினரோ எக்குலத்தினரோ என்னும் எண்ணம் ஆட்டத்துள் நுழைவதில்லை. இடராவது, எதிரி தம் அறிவால் ஆடுகின்றாரா, பிறர் அறிவால் ஆடுகின்றாரா என்பது கண்ணுக்குப் புலனாகாது. கண்ணுக்குப் புலனாகாத களத்தில் முறை வழுவாது ஆட்டம் நடக்க வேண்டுமாயின் நடுவர் வேண்டும்; அந்நடுவர் கைக்கொள்ளும் விதி வேண்டும். விதியில்லாத நடுவர் எவ்வளவு நல்லவராயினும் வழுவுவர் என்பதற்கு யாமே சான்று.

இனி, நிகழ்ந்தது இது. போட்டியிற் கலந்துகொண்டோர் 32 பேர். ஒவ்வொருவர்க்கும் 10 நிமிடக் கடிகாரம். தோற்றவர் வெளியேற, வென்றவர் அடுத்த சுற்றிற்குச் செல்லுதல் முறை. காலையில் இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருக்கையில், பதினைந்து வயதுடைய ஒரு பெண்ணின் ஆட்டம் இடையில் நின்றது. அவள் இருந்தது ஒரு சிற்றூர். மின்சாரம் போயிற்று, கைப்பேசியின் இணைப்பும் உடன் போயிற்று. அவள் மீள வருமுன் அவளது கடிகாரம் முழுதும் ஓடிவிட்டது. அவள் அண்ணன் எம்மைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, மறுபடியும் ஆட இடம் தருவீர்களா?" என்று கேட்டனன். "தம்பி, கடிகாரம் சொல்வதே முடிவு, யாம் என் செய்வது?" என்று விடையிறுத்தோம். அவள் போட்டியினின்றும் நீங்கினாள்.

அன்று மாலை காலிறுதிச் சுற்று. நகரத்திலிருந்து ஆடிய ஓர் இளைஞர்க்கும் அவ்வாறே இணைப்பு அறுந்தது, கடிகாரம் ஓடிற்று. அவர் தந்தையார் பரிசுக் கோப்பைகளைச் சங்கத்திற்கு மனமுவந்து அளித்தவர். அவ்விளைஞரும் அவர் தந்தையாரும் எம்மிடம் ஒரு சொல்லும் கேட்டாரல்லர். இதனை யாம் அழுத்திச் சொல்கின்றோம். அவர்கள்மேல் அணுவளவும் குற்றம் இல்லை. கேளாதிருக்கவும் யாமே, "இணைப்பு அறுந்தது அவர் பிழையன்று; ஆதலின் மீண்டும் ஆடுக" என்று அறிவித்தோம். மறு ஆட்டத்தில் அவர் வென்றார். எதிர்த்து ஆடிய சிறுவன் ஒன்றும் பேசாது வெளியேறினான். ஒருவரும் எம்மைக் குறை கூறவில்லை. நற்செயல் செய்தோமென்னும் நிறைவோடு அன்றிரவு உறங்கச் சென்றோம்.

இரண்டு நாள் கழித்து அப்பெண்ணிடமிருந்து எமக்கு ஒரு செய்தி வந்தது. அதில் ஒரு வரியே இருந்தது: "ஐயா, காலையில் ஒரு விதி, மாலையில் ஒரு விதியா?" அவ்வளவே. வசைச்சொல் ஒன்றேனும் அதில் இல்லை. இணையவழி ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்த்தலும் பதிவாகி நிற்கும். அவளது ஆட்டத்தை எடுத்துப் பார்த்தோம். இணைப்பு அறுந்த கணத்தில் அவள் எதிரியினும் ஒரு யானை மிகுதியாய் வைத்திருந்தாள். வெல்லும் நிலையிலிருந்த ஆட்டத்தை யாம் பறித்தோம் என்பதனை அன்று உணர்ந்தோம். மாணவர்க்கு நடுவு நிலைமை அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகின்ற ஆசிரியர் ஒருவர், தம் கையில் ஒரு சிறு துலாக்கோல் கொடுக்கப்பட்டபொழுது, அதனைக் கோடாது பிடிக்க அறியாதவராயினர். எம்மை ஒருவரும் வற்புறுத்தவில்லை, அச்சுறுத்தவில்லை, கைக்கூலி தரவில்லை. கொடையாளர் மனம் வருந்துமே என்று கேளாமலே நெகிழ்ந்த எம் நெஞ்சமே எம்மை வழுவச் செய்தது. நடுவர்க்கு வரும் கேடு பெரும்பாலும் இவ்வாறு உள்ளிருந்தே வருகின்றது.

இத்தகைய இடர் எம் போன்ற சிறியோர்க்கே வருவதென்று எண்ணற்க. உலகத்தார் அனைவரும் பார்த்திருக்க நிகழ்ந்த ஒன்றனை ஈண்டு எடுத்துக் காட்டுவோம். 2020ஆம் ஆண்டில் உருசியாவில் நடக்கவிருந்த சதுரங்க ஒலிம்பியாடு, கொரோனா நோய்த்தொற்றால் தள்ளிவைக்கப்பட்டது. (அதுவே பின்னர் 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நம் மாமல்லபுரத்தில் நடந்தேறியது என்பதனை நீங்கள் அறிவீர்கள்.) அவ்விடைக் காலத்தில், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பாகிய பிடே, இணையவழி ஒலிம்பியாடு ஒன்றனை 2020 ஜூலை 25 முதல் ஆகஸ்டு 30 வரை நடத்தியது. 163 அணிகள் கலந்துகொண்டன. ஓர் அணிக்கு அறுவர் ஆடுவர். ஆடவர் இருவர், மகளிர் இருவர், இளையோருள் ஆண் ஒருவர், பெண் ஒருவர். ஒவ்வொருவர்க்கும் 15 நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 நொடியும் அளிக்கப்பட்டன. நம் சென்னையைச் சேர்ந்த ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இந்திய அணியில் இருந்தனர்.

காலிறுதியில் இந்தியா ஆர்மீனியாவை எதிர்த்தது. முதற் போட்டியில் நிகால் சரினை எதிர்த்து ஆடிய ஆர்மீனிய வீரர்க்கு இணைப்பு அறுந்தது. ஆட்டம் இந்தியாவிற்கு உரித்தாயிற்று. ஆர்மீனியர் முறையிட்டனர். தத்தம் இணைப்பிற்குத் தாமே பொறுப்பு என்பது விதியாதலின் முறையீடு தள்ளப்பட்டது. அவர்கள் மனம் நொந்து, இரண்டாம் போட்டியை ஆடாது விலகினர். இந்தியா அரையிறுதிக்குச் சென்று, போலந்தையும் வென்று, ஆகஸ்டு 30இல் இறுதிப் போட்டியில் உருசியாவை எதிர்த்தது. முதற் போட்டியில் ஆறு ஆட்டங்களும் சமனாய் முடிந்தன. இரண்டாம் போட்டியில், முன்னர் எதிரியின் இணைப்பு அறுந்ததால் வெற்றி பெற்ற அதே நிகால் சரினுக்கும், உடன் ஆடிய திவ்யா தேஷ்முக்கிற்கும் இணைப்பு அறுந்தது. கடிகாரம் ஓடி இருவரும் தோற்றதாகக் காட்டப்பட்டது. காலச் சக்கரம் இரண்டு நாளைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது!

இப்பொழுது முறையிட்டது இந்தியா. அன்று இணையத் தடங்கல் உலகின் பல நாடுகளை ஒருங்கே தாக்கியிருந்தது. முறையீட்டுக் குழுவினர் ஒருமனப்பட்ட முடிவிற்கு வர இயலவில்லை. பிடேயின் தலைவராகிய அர்க்காதி துவர்க்கோவிச், இந்தியாவும் உருசியாவும் ஆகிய இரண்டு அணிகளுக்கும் பொற்பதக்கம் உரியதென்று அறிவித்தார். நம் நாட்டார் மகிழ்ந்தனர், யாமும் மகிழ்ந்தோம். ஆயினும் உருசிய வீரர்க்கு, "களத்தில் வென்றோம், பதக்கத்தைப் பங்கிட்டோம்" என்னும் குறை இருத்தல் இயல்பே. ஆர்மீனிய வீரர்க்கு, "எம் முறையீட்டிற்கு ஒரு முடிவு, இந்தியர் முறையீட்டிற்கு ஒரு முடிவா?" என்னும் வினா எழுதலும் இயல்பே. அவ்வினா எமக்கு வந்த ஒரு வரிச் செய்தியின் மறுபதிப்பன்றோ?

எனினும் இரண்டற்கும் வேறுபாடு ஒன்று உண்டு. அதனையும் நேர்மையாய் நோக்குதல் வேண்டும். ஒருவர் இல்லத்து இணைப்பு மட்டும் அறுதல் வேறு. எவர் கைக்கும் அடங்காத பொதுத் தடங்கல் பல நாடுகளைத் தாக்குதல் வேறு. முன்னையதற்கு விதி இருந்தது. பின்னையதற்குத் தெளிவான விதி முன்னரே வகுக்கப்படாமையால் தலைவரே முடிவு செய்ய நேர்ந்தது. எம் பிழையோ இதனினும் தாழ்ந்தது. எம்முன் வந்த இரண்டும் ஒரே வகையின. தீர்ப்பு மட்டுமே இரு வகையாயிற்று. இதனால் பெறப்படுவது யாதெனில், விதி கடுமையாயிருத்தலும் தீதன்று, மென்மையாயிருத்தலும் தீதன்று. ஆட்டத்திற்கு முன்னரே எழுதப்படாமையே தீது. ஆட்டம் நடக்கையில் எழுதும் விதியின்மேல் ஆடுவோர் முகத்தின் நிழல் விழுந்துவிடும்.

இரண்டாவது இடர் கள்ள ஆட்டம். 1997ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தாரின் டீப் புளூ என்னும் பொறி, உலக முதல்வராயிருந்த காஸ்பரோவை ஆறு ஆட்டப் போட்டியில் வென்றது. அப்பொறி பேரலமாரி போன்றது. இன்றோ, அதனினும் வலிய சதுரங்க நிரல்கள் விலையின்றிக் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஒரு கையில் போட்டி, மறு கையில் பொறி என்று ஆடுவார்க்கு உலக முதல்வரும் எதிர்நிற்றல் அரிது. 2021 ஜூன் 13இல், நோய்த்தொற்றால் வாடியோர்க்கு நிதி திரட்டும் பொருட்டு ஆனந்த் பலரோடு இணையவழி ஆடியபொழுது, செல்வர் ஒருவர் அவரை வென்றார். மறுநாள், கணினியின் துணையும் பிறர் துணையும் கொண்டே அவ்வாறு ஆடியதாக அவரே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அறத்தின் பொருட்டு நடந்த ஆட்டத்திலும் இஃது உண்டாயிற்று.

ஆட்டத்தளங்கள் கள்ளத்தைக் கண்டறியும் முறை யாதெனில், ஒருவர் ஆடிய நகர்த்தல்களைப் பொறி தேர்ந்தெடுக்கும் நகர்த்தல்களோடு ஒப்பிடுதலும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை ஆராய்தலும், அவருடைய முந்தைய ஆட்டங்களோடு வைத்து நோக்குதலும் ஆம். எளிதான காயொன்றை வெட்டுதற்கும் கடினமான சூழ்ச்சியொன்றைக் காண்டற்கும் ஒருவர் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்வாராயின் ஐயம் பிறக்கும். ஆயினும் ஓர் ஆட்டத்தை மட்டும் கொண்டு உறுதி கூறல் ஆகாது. நன்கு பயின்ற சிறுவன் ஒருவன் எளிய நிலையில் பொறி ஆடுவதுபோன்றே ஆடுதல் கூடும். ஆதலின் இளைஞர்களே, தோற்றவுடன் வாட்ஸ்அப் குழுவில், "அவன் பொறி வைத்து ஆடினான்" என்று எழுதிவிடாதீர்கள். கோப்பையை இழந்தவன் அடுத்த ஆண்டு அதனைப் பெறலாம். ஊரறியக் கள்வன் என்று பெயர் பெற்ற சிறுவன் அப்பெயரை எங்கே சென்று கழுவுவான்? ஐயம் உண்டாயின் நடுவரிடம் தனித்துச் சொல்லுக. நடுவரும் அதனைத் தளத்தாரின் ஆராய்ச்சிக்கு விடுத்து, முடிவு வருமளவும் வாய் திறவாதிருப்பாராக.

இதுகாறும் நேர்மையைப் பற்றியே பேசினோம். நேர்மை ஒன்றே போதுமாயின் நீதிமன்றத்தையே விளையாட்டென்று கொள்ளலாம்! விளையாட்டு மகிழ்ச்சிக்குரியது. சென்ற ஆண்டுப் போட்டியில் முதற் சுற்றிலேயே பதினாறு பேர் வெளியேறினர். அவருள் சிலர் அப்பொழுதுதான் காய்களின் நடையைக் கற்றவர். விடியற்காலையில் எழுந்து நீராடிக் கைப்பேசியின்முன் அமர்ந்த எட்டு வயதுக் குழந்தை பத்து நிமிடத்தில் தோற்று, எஞ்சிய நாள் முழுதும் மூலையில் அமர்ந்திருந்தது என்று ஒரு தாயார் எம்மிடம் கூறினார். வல்லோரையும் கற்போரையும் ஒரே களத்தில் மோதவிடுதல், விதிப்படி பிழையின்றாயினும் மகிழ்ச்சியைக் கொல்வதாகும்.

இதற்கு வழி உண்டு. லிச்செஸ் என்னும் சதுரங்கத் தளத்தில் அரங்கப் போட்டி என்று ஒரு முறை உள்ளது. அதில் தோற்றவர் வெளியேறுவதில்லை. குறித்த நேரம் முடியுமளவும், ஓர் ஆட்டம் முடிந்தவுடன் அடுத்த எதிரி கிடைப்பார். அவ்வெதிரியும் பெரும்பாலும் தரவரிசையில் நமக்கு அண்மையில் நிற்பவராயிருப்பார். வென்றார்க்கு 2 புள்ளி. சமன் செய்தார்க்கு 1 புள்ளி. அடுத்தடுத்து இருமுறை வென்றார்க்கு அதன்பின் வெற்றி தொடருமளவும் புள்ளி இரட்டிக்கும். துணிவுடையார் தம் நேரத்தில் பாதியைத் துறந்து ஆடி வென்றால் மேலும் ஒரு புள்ளி பெறலாம். கடைசி நிமிடம்வரை எவர் முந்துவர் என்பது தெரியாது. வல்லோர் மேலே பொருதுகொண்டிருக்கக் கற்போர் தம்மொத்தாரோடு கீழே ஆடி மகிழ்ந்திருப்பர். இதன்கண் நேர்மையும் மகிழ்ச்சியும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்றல் காண்க.

இனித் தொண்டரைப் பற்றிச் சொல்லுவோம். அத்தளத்தை 2010ஆம் ஆண்டில் தொடங்கியவர் பிரெஞ்சு நாட்டுத் திபோ டுப்லெஸி என்பவர். அதில் ஆடுதற்குக் கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. நன்கொடையால் நடைபெறுகின்றது. அதன் நிரல் எவரும் காணவும் எடுத்தாளவும் வெளியிடப்பட்டுள்ளது. அங்கே ஒழுங்கு காப்போருட் பெரும்பாலார் ஊதியம் பெறாத தொண்டர்கள். உலகெங்கும் உள்ளோர் ஆடும் ஒரு களம் இவ்வாறு தொண்டினால் நிற்கின்றதெனின், நம் சங்கத்து இளைஞர் நால்வர் ஐவர் கூடி ஒரு போட்டியை நடத்துதல் அரிதன்று.

தொண்டர் எதிர்ப்படும் வினாக்களுள் கடியது பரிசைப் பங்கிடுதல். 1999ஆம் ஆண்டில் எவர்குவெஸ்ட் என்னும் ஆட்டம் வெளிவந்தது. அதில் பல பத்துப் பேர் குழுவாய்ச் சென்று பறக்கும் பெருநாகங்களை எதிர்ப்பர். மணிக்கணக்கில் போராடி ஒரு நாகத்தைக் கொன்றால் கிடைக்கும் பொருள்கள் சிலவே. அவை யார்க்கு உரியன? குழுத் தலைவர் தம் நண்பர்க்கே கொடுப்பாராயின் குழு சிதையும். ஆதலின் அவ்வாட்டத்தார் ஒரு கணக்கு முறை வகுத்தனர். போருக்கு வந்தோர் ஒவ்வொருவர்க்கும் வந்தமைக்காகவே புள்ளி எழுதப்படும். பொருள் வேண்டுவோர் தாம் சேர்த்த புள்ளியைக் கொடுத்துப் பெறுவர். பெற்றவர் கணக்குக் குறையும். பெறாதவர் கணக்கு நிற்கும். அதற்கு நாகங்கொன்ற புள்ளி என்றே பெயர் வழங்கிற்று. கணக்கு எல்லார்க்கும் தெரியும்படி எழுதப்பட்டமையின், தலைவர் தம் உறவினரை உயர்த்த இடமில்லாது போயிற்று. பார்த்தீர்களா? ஊதியமில்லாத தலைவர்க்கு ஆணையிட்டு அடக்கும் வலிமை இல்லை. அவரிடம் உள்ளது மற்றவர் வைக்கும் நம்பிக்கை ஒன்றே. திறந்த கணக்கு அந்நம்பிக்கையைக் காக்கும் வேலி.

தொண்டரைக் காத்தலும் கடமை. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த அல்ட்டிமா ஆன்லைன் என்னும் ஆட்டத்தில் புதியோர்க்கு உதவ ஊதியமில்லாத தொண்டர்கள் அமர்த்தப்பட்டனர். அவருட் சிலர், தாம் செய்தது ஊதியத்திற்குரிய வேலையே என்று 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கின் நன்மை தீமையை ஆராய்தல் ஈண்டு எம் கருத்தன்று. விருப்பத்தோடு தொடங்கிய தொண்டும் அளவிறந்து சுமத்தப்படின் கசந்துபோம் என்பதே கருத்து. நம் சங்கத்திலும் நடப்பது என்ன? நன்றாய்ச் செய்கின்றான் என்று கண்டால் ஒருவன் தலைமேலேயே எல்லாச் சுமையையும் ஏற்றுகின்றோம். பெயர்ப் பதிவும் அவன், கடிகாரமும் அவன், சச்சரவு தீர்ப்பவனும் அவன். நள்ளிரவில் வரும் தொலைபேசிக்கு விடை சொல்பவனும் அவனே. மறு ஆண்டு அவன் வருவதில்லை. "பொறுப்பில்லாத இளைஞர்" என்று பெரியோர் நாம் பேசிக்கொள்கின்றோம்!

ஆதலின் இவ்வாண்டுப் போட்டிக்காக யாம் விண்ணப்பிப்பன இவை. முதலாவது, விதிகள் போட்டிக்கு ஏழு நாள் முன்னரே எழுதி எல்லார்க்கும் அனுப்பப்படுக. ஒருவர் இணைப்பு மட்டும் அறுந்தால் கடிகாரம் சொல்வதே முடிவு. தளமே தடைப்பட்டாலும், ஒரே நேரத்தில் பலர்க்கு இணைப்பு அறுந்தாலும், அச்சுற்று முழுதும் மீண்டும் ஆடப்படும். இவ்விரண்டும் ஐயத்திற்கு இடமின்றி எழுதப்படுக. இரண்டாவது, நடுவர் ஒருவர் போதாது, மூவர் வேண்டும். ஆடுவோர்க்கு உறவினராயினார் அவ்வாட்டத்தின் தீர்ப்பில் அமராதிருக்க. நடுவராயினார் போட்டியில் ஆடாதிருக்க. மூன்றாவது, போட்டி அரங்க முறையில் நடக்க. கற்போர்க்கும் வல்லோர்க்கும் தனித்தனிக் களம் அமைக்க. நான்காவது, தொண்டு ஒவ்வொன்றிற்கும் இருவரை அமர்த்துக; ஆண்டுதோறும் பொறுப்பு மாறுக; பரிசளிப்பில் வென்றோர் பெயருக்கு முன் தொண்டர் பெயர் வாசிக்கப்படுக.

ஐந்தாவது, நுழைவுக் கட்டணம் திரட்டி அதனையே வென்றார்க்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வியுற்றோம். அது வேண்டா. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியது; மின்விளையாட்டுப் போட்டியை அதனினும் வேறாகப் பிரித்து ஏற்றுக்கொண்டது. சட்டம் இருக்கட்டும். சூது என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழி வந்த நாம், பிள்ளைகள் கையில் முதன்முதல் கொடுக்கும் ஆட்டத்தில் பணயத்தின் நிழலும் படாது காத்தல் வேண்டும். கோப்பையும் நூல்களும் பரிசாக இருக்க.

ஆறாவது, இதுவே சிலர்க்குக் கசப்பாய் இருத்தல் கூடும். இப்போட்டியை நம் சங்கத்தார் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக்குதல் வேண்டுமென்று செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. சங்கம் நம்முடையது, செலவும் நம்முடையது, உண்மையே. ஆயினும் முன்னரே சொன்னோம், இக்களத்தில் முகம் தெரியாது. நகர்த்தல் மட்டுமே தெரியும். முகம் தெரியாத களத்தின் வாயிலில் குலம் கேட்கும் காவலனை நிறுத்துதல் எவ்வாறு பொருந்தும்? நம் பிள்ளைகள் நாளை கல்லூரியிலும் அலுவலகத்திலும் எல்லாரோடும் போட்டியிட வேண்டியவர்கள். நம்முள் நாமே ஆடிப் பெறும் கோப்பை அவர்களை அதற்கு ஆயத்தம் செய்யாது. சங்கம் நடத்துக; எல்லாரும் ஆடுக. நம் பெயரால் நேர்மையான ஒரு போட்டி நடந்ததென்று பிறர் சொல்லுதலினும் சங்கத்திற்கு வேறு பெருமை யாது?

முடிக்குமுன் அப்பெண்ணைப் பற்றி ஒரு சொல். அவளது செய்தி வந்த மறுநாள், யாம் செய்தது பிழையென்று அவளுக்கும், மாலையில் வெளியேறிய சிறுவனுக்கும் எழுதினோம். முடிந்த போட்டியை மீள நடத்த இயலாது. கோப்பையைத் திரும்பப் பெறுதலும் வென்றார்க்கு முறையன்று. பிழையை ஒப்புக்கொள்ளுதல் அன்றி எம்மிடம் கொடுக்க வேறொன்றும் இருந்ததில்லை. சிறுவன் விடை எழுதவில்லை. அவள் எழுதினாள். "பரவாயில்லை ஐயா. அடுத்த ஆண்டு விதியை முதலிலேயே எழுதிவிடுங்கள்" என்பதே அவள் விடை. இன்று யாம் விண்ணப்பித்த ஆறனுள் முதலாவது அவளுடையது. இவ்வாண்டு அவள் மீண்டும் ஆட வருவாளோ, யாம் அறியோம். வந்தால், அவள் இணைப்பு அறுந்தாலும் அறாவிட்டாலும், வென்றாலும் தோற்றாலும், காலையும் மாலையும் ஒரே விதி நிற்கக் காண்பாளாக. அதனைச் செய்து கொடுத்தல் செயற்குழுவினராகிய உங்கள் கையில் உள்ளது.